பள்ளியை எடைபோடுவோம்

பள்ளி திறக்கும் காலம் வந்தால் சாலைக் கடைத்தெருவில் நடக்க இடமிருப்பதில்லை. குடை, பை, சோற்றுப் பாத்திரம், சீருடைத் துணி, நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாள் என்று திருவனந்தபுரம் நகரமே தன் பிள்ளைகளுக்கு வேண்டியதை வாங்க இங்கேதான் வருகிறது. எடுத்துக் கொடுப்பவர்கள் நாம். தைத்துக் கொடுப்பவர்கள் நாம். லாரியிலிருந்து மூட்டையை இறக்கித் தலையில் சுமந்து கடைக்குள் கொண்டுவந்து போடுபவர்களும் நம்மவர்களே. ஊரார் பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கு அனுப்பிவைத்துவிட்டு, இரவு கடை சாத்தி வீட்டுக்குப் போனால், வீட்டில் ஒரு கேள்வி காத்திருக்கிறது: "நம்ம சின்னவனை எங்கே சேர்க்கப் போறீங்க?"

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் என்ன பதில் கிடைக்கிறது என்பது நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கழுத்தில் டை கட்டி வேனில் ஏறிப் போகிறது; நம் பிள்ளையும் அந்த வேனில் ஏற வேண்டும். வட்டிக்கு வாங்கியாவது ஏற்றிவிட வேண்டும். இதைக் கேலி செய்ய நாம் தயாராக இல்லை. தன் தலையில் இருக்கும் சும்மாடு மகன் தலைக்குப் போகக்கூடாது என்று ஒரு தகப்பன் நினைப்பது குற்றமா? ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. வெங்காயத்தை அழுத்திப் பார்த்து, புளியை முகர்ந்து பார்த்து, அரிசியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து வாங்கும் நாம், பள்ளியை மட்டும் ஏன் பெயர்ப்பலகையைப் பார்த்து வாங்குகிறோம்?

அரசாங்கத்துக்கும் ஒரு தராசு உண்டு. 2019-ஆம் ஆண்டில் நிதி ஆயோக் வெளியிட்ட பள்ளிக் கல்வித் தரக் குறியீட்டில் பெரிய மாநிலங்களுள் கேரளம் முதலிடம் பெற்றது. நமக்கும் அதில் பெருமைதான். நம் பிள்ளைகளும் இந்த மாநிலத்துப் பிள்ளைகளே. 2017 ஜனவரியில் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்துக்குப் பிறகு அரசுப் பள்ளிக் கட்டடங்கள் பல மாறிவிட்டன. ஓடு வேய்ந்த கொட்டகை இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. கரும்பலகை தொங்கிய சுவரில் படம் காட்டும் திரை தொங்குகிறது. நல்லதே. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டமும் தன் பட்டியலை வைத்திருக்கிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டிடம், நூலகம். இவை இல்லாத பள்ளியைப் பள்ளி என்றே சொல்லக்கூடாது. ஆனால் இவையெல்லாம் இருந்துவிட்டால் போதுமா? சாக்கின் மேல் அச்சடித்த எடை வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு என்பது சாலையில் வேலை செய்பவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ்ப் பிரிவுகளுக்கு வருவோம். மாநிலம் முதலிடம் வாங்குவதும், அதே மாநிலத்துப் பள்ளியொன்றின் கடைசி அறையில் இருக்கும் தமிழ் வகுப்புக்கு ஆறு மாதம் ஆசிரியர் இல்லாமல் இருப்பதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவைதாம்.

திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான கடைத்தெரு இது. அன்று தொட்டு நாஞ்சில் நாட்டு அரிசியும் நெல்லைச் சீமை வணிகமும் இங்கே கலந்தே இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, தலைநகரில் இருந்த தமிழர்கள் இருந்த இடத்திலேயே சிறுபான்மை ஆனார்கள். பிழைப்புத் தேடிப் பிறகு வந்தவர்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். சாலையில் தமிழ்ப் பள்ளி என்று பெயர் தாங்கிய அரசுப் பள்ளியே உண்டு. யாருடைய கருணையாலும் வந்ததல்ல அது. 1949-ல் கூடிய மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ வேற்றுத் தாய்மொழியினராக இருந்தால் அந்த மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்து தருவது ஒவ்வொரு மாநிலத்தின் முயற்சியாக இருக்க வேண்டும் என்கிறது அது.

இத்தனை இருந்தும் ஒரு தமிழ் வகுப்பின் தலையெழுத்தை ஆண்டுதோறும் தீர்மானிப்பது வேறொரு கணக்கு. பள்ளி திறந்த ஆறாவது வேலை நாள் தலை எண்ணப்படுகிறது. அன்று வருகைப் பதிவில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை பிரிவு, எத்தனை ஆசிரியர் என்று முடிவாகிறது. தலை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும். ஆசிரியர் போனால் இரண்டு வகுப்பை ஓர் அறையில் உட்கார வைப்பார்கள். அதைப் பார்த்து, "தரம் இல்லை" என்று மேலும் நான்கு பெற்றோர் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போவார்கள். மறு ஆண்டு தலை இன்னும் குறையும். பிறகு "பிள்ளைகளே இல்லையே, நாங்கள் என்ன செய்வது?" என்று அதிகாரிகள் கையை விரிப்பார்கள். பள்ளி கெட்டதால் பிள்ளைகள் போனார்களா, பிள்ளைகள் போனதால் பள்ளி கெட்டதா? இரண்டுமே நடந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பவர்களை நாம் நம்புவதில்லை, அவர்கள் ஆட்சியில் இருந்தாலும் சரி, நம் சங்கத்தில் இருந்தாலும் சரி.

ஆட்சியாளர்களின் குற்றம் சிறியதல்ல. தமிழ்ப் பிரிவு ஆசிரியர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் வர மாதக்கணக்கில் ஆகிறது; தினக்கூலி ஆசிரியரைக்கூட நேரத்தில் அமர்த்துவதில்லை. வடக்கே காசர்கோட்டில் கன்னடம் அறியாத ஆசிரியர்களைக் கன்னட வகுப்புகளுக்கு நியமித்ததை எதிர்த்து அங்குள்ள பெற்றோரும் பிள்ளைகளும் ஒருமுறையல்ல, பலமுறை போராடியிருக்கிறார்கள். பிள்ளைக்குப் புரியாத மொழியில் ஆசிரியர் பேசினால் அந்த வகுப்பறைக்கு எத்தனை திரை மாட்டி என்ன பயன்? அதே அரசாங்கத்தால் முடியாதது இது என்றும் சொல்ல முடியாது. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-ல் தொடங்கிய 'ரோஷ்ணி' திட்டத்தில், வங்காளம், ஒடிசா முதலிய இடங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியறிந்த தொண்டர்களை வகுப்புக்குள் அழைத்து, வீட்டு மொழி வழியே மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் கற்பித்தார்கள். மனம் வைத்தால் வழி இருக்கிறது.

இனி நம் பக்கம் பார்ப்போம். சென்ற ஆண்டு நம் தோழர்கள் இருவர் நகரின் வேறொரு பகுதியில் உள்ள தமிழ்ப் பிரிவு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதைத் தலைமையாசிரியரிடம் அங்கேயே சொன்னார்கள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில். குமரி மாவட்டத்திலிருந்து காலை ரயிலில் வந்து போகும் ஆசிரியை ஒருவர் பூக்கட்டும் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முழத்துக்கு இத்தனை கண்ணி என்றால் ஐந்து முழத்துக்கு எத்தனை? பூக்காரி மகள் ஒருத்தி ஆசிரியை சொல்லி முடிப்பதற்குள் விடை சொன்னாள். அதோடு விடவில்லை. "எங்கம்மா கடைசி முழத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் விடுவாங்க டீச்சர்" என்று வாதாடவும் செய்தாள். ஆசிரியை சிரித்துவிட்டு, "அப்ப அதையும் சேர்த்துப் போடு" என்றார்.

அதே வாரம் சங்கத்தின் படிப்பகத்துக்கு வந்த பிள்ளைகளிடம் நோட்டுகளை வாங்கிப் பார்த்தோம். ஆங்கிலப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனின் நோட்டு முத்து முத்தான எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'சரி'. ஒரு தவறும் இல்லை. பெற்றோர் பூரித்துப் போயிருந்தார்கள். "தம்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டோம். படபடவென்று ஆங்கிலத்தில் வாசித்தான். "அப்படியென்றால் என்னப்பா?" என்றோம். தலை குனிந்துகொண்டான். அவன்மேல் குறை இல்லை. பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதுதான் படிப்பு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பூக்காரி மகளின் நோட்டோ அடித்தலும் திருத்தலுமாக இருந்ததாகத் தோழர்கள் சொன்னார்கள். ஆசிரியை ஓரத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து மறுபடி போட்டிருக்கிறாள். வாசகப் பெருமக்களே, பிள்ளையின் நோட்டில் தவறே இல்லையென்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். தவறு செய்ய இடம் கொடுத்து, அதைத் திருத்தவும் செய்கிறார்களா என்று பாருங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பள்ளியை எடைபோட முடியும். 'பிரதம்' என்ற அமைப்பு 2005 முதல் நாட்டின் கிராமங்களில் 'அசர்' என்ற பெயரில் நடத்திவரும் ஆய்வில் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. பிள்ளையின் வீட்டுக்கே போய், தெரிந்த மொழியில் எழுத்து, சொல், சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை என்று வரிசையாகக் காட்டிப் படிக்கச் சொல்கிறார்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கும் வகுத்தல் கணக்கும் கொடுக்கிறார்கள். வீட்டில் நாமும் இதைச் செய்யலாம். பழைய செய்தித்தாளில் மடித்த பொட்டலத்தைப் பிரித்து அதில் இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கடைச் சிட்டையைக் கூட்டச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பு முடிந்த பிள்ளை எந்த மொழியிலும் இதைச் செய்யவில்லை என்றால், அது அரசுப் பள்ளியோ ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளியோ, அங்கே போய்க் கேள்வி கேட்கும் நேரம் வந்துவிட்டது. வகுப்பில் முதலில் நிற்கும் பிள்ளையை வைத்துப் பள்ளியை அளக்க வேண்டாம். அந்தப் பிள்ளை எங்கே விட்டாலும் படித்துக்கொள்ளும். கடைசி வரிசைப் பிள்ளை, அதுவும் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? அந்தக் கணக்கைக் கேட்டால் பல பெரிய பலகைகள் ஆடிப்போகும்.

தமிழில் படித்தால் மலையாளம் வராதே, வேலை கிடைக்காதே என்கிறார்கள். மலையாளம் வேண்டும். இந்த மண்ணில் வாழ்பவன் அதைப் பிழையின்றி எழுதவும் பேசவும் வேண்டும். 2017-ல் வந்த மலையாள மொழி கற்றல் சட்டத்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஆங்கிலமும் வேண்டும். ஆனால் வீட்டில் பேசும் மொழியில் படிக்கக் கற்ற பிள்ளை மற்ற மொழிகளுக்கு எளிதாகப் போகிறது என்று உலக நாடுகளின் கல்வி நிறுவனமான யுனெஸ்கோ 1953-லேயே எழுதி வைத்துவிட்டது. மலேசியத் தோட்டங்களில் நம்மைப் போல் கூலிகளாகப் போனவர்களின் சந்ததியினர் இன்றும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளைக் கட்டிக் காக்கிறார்கள். அவர்களுக்கும் அங்கே எண்ணிக்கைச் சிக்கல் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வீடு வீடாகப் போய் முதல் வகுப்புக்குப் பிள்ளை சேர்க்கிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? மேடையில் தமிழ்ப் பிரிவை மூடாதே என்று முழங்குகிறோம், தீர்மானம் போடுகிறோம், அமைச்சருக்கு மனு அனுப்புகிறோம். அந்த மனுவில் கையொப்பம் இட்டவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள் ஆறாவது நாள் கணக்கில் அந்தப் பிரிவில் இருந்தார்கள்? சங்க நிர்வாகிகளும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்தத் தலையங்கத்தை எழுதும் நாமும் தப்ப முடியாது. எங்களில் ஒருவர் பேரனும் வேனில்தான் போகிறான். ஊருக்கு மட்டும் உபதேசம் என்று எங்களை நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி.

ஆகவே யாரையும் கண்ணை மூடிக்கொண்டு தமிழ் வகுப்பில் சேருங்கள் என்று நாம் சொல்லவில்லை. முதலில் போய்ப் பாருங்கள். சாதாரண நாளில் போங்கள், விழா நாளில் வேண்டாம். தமிழ் தெரிந்த ஆசிரியர் இருக்கிறாரா, நோட்டுத் திருத்தப்படுகிறதா, சத்துணவு எப்படி இருக்கிறது, பிள்ளைகள் ஆசிரியரிடம் கேள்வி கேட்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் எது இல்லை என்று எழுதிக்கொண்டு வாருங்கள். உதவிக் கல்வி அலுவலரிடம் போய் நிற்பது சங்கத்தின் வேலை.

இன்னொன்றும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். ஆனால் பெற்றோர் கூட்டத்தை வேலைநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்தால், கடைச் சிப்பந்தியும் சுமட்டுத் தொழிலாளியும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? வராதவர்களைப் பார்த்து, தமிழ்ப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர்கள் குறைப்படுகிறார்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கக் கோரும் மனு தயாராகிவிட்டது. இந்த வாரம் நம் தோழர்கள் அதை எடுத்துக்கொண்டு கடை கடையாக வருகிறார்கள். கையொப்பம் இடும்போது பிள்ளையின் வகுப்பையும் பள்ளியையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் கொண்டு வருவார்கள்.