மண்டபம் கட்டினது யாரு?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, எல்லாரையும் போல ‘தொழிற்கல்வியும் நாட்டு முன்னேற்றமும்’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. மனசு முழுக்க வேறொரு விஷயம் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அது எங்கள் ஹாஸ்டல் மொட்டை மாடியில், ராத்திரி பத்தரைக்கு மேல் கூடும் ஒரு சபையைப் பற்றியது.

அந்தச் சபையில் அரசியல் கிடையாது, சினிமாவும் குறைவு. பேச்செல்லாம் ‘கைஜி’! ஜப்பான்காரர்கள் ‘மங்கா’ என்று சொல்லும் படக்கதை. நொபுயுகி ஃபுகுமோட்டோ என்பவர் 1996ல் எழுதி வரையத் தொடங்கியது. செல்போனில் அதைப் படித்துவிட்டு, அடுத்த செமஸ்டர் பாடத்தைவிட அக்கறையாய் அலசுவோம்.

தெரியாதவர்களுக்கு இரண்டே வரியில் கதை. கைஜி என்ற வேலைவெட்டி இல்லாத இளைஞன், கூட வேலை பார்த்த ஒருத்தனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறான். கடன் வாங்கினவன் ஓடிவிட, பாரம் இவன் தலையில்! வாங்கியது 3 லட்சம் யென். மாதம் 20 சதவீதம் கூட்டு வட்டியில் 14 மாதத்தில் 38 லட்சத்து 50 ஆயிரம் யென். நம்பாதவர்கள் கால்குலேட்டரை எடுங்கள். 1.2ஐ 14 தடவை பெருக்கினால் 12.84 வரும்.

கடனை அடைக்க ஒரு வழி காட்டுகிறார்கள். கப்பலில் ஏறு, ஒரு ராத்திரி சூதாடு. கப்பலின் பெயர் ‘எஸ்ப்வார்’. பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘நம்பிக்கை’ என்று அர்த்தமாம்! ஆட்டமோ நாம் சின்ன வயசில் ஆடிய கல், காகிதம், கத்திரிதான். ஆளுக்கு 12 சீட்டு, 3 நட்சத்திரம். ஆடுவதற்குப் பணமும் அங்கேயே கடன் தருவார்கள். 10 நிமிஷத்துக்கு ஒன்றரை சதவீதம் கூட்டு வட்டி. நாலு மணி நேரத்தில் 100 ரூபாய் 143 ஆகிவிடும். மணி வட்டி, மீட்டர் வட்டி என்று 2003ல் நம் மாநிலம் சட்டம் போட்டுத் தடுத்ததெல்லாம் அந்தக் கப்பலில் மிதந்துகொண்டிருக்கிறது!

சபையில் இரண்டு கட்சி உண்டு. “கைஜிதான் மச்சி கெத்து. எதிராளி மனசையே படிச்சுடறான்” என்பது ஒரு கட்சி. “போடா, லயர் கேம் படிச்சிருக்கியா? அக்கியாமா மாதிரி கணக்குப் போட ஆளே இல்ல” என்பது இன்னொரு கட்சி. அது ஷினோபு கைட்டானி 2005ல் தொடங்கிய கதை. 2021ல் உலகமே பார்த்த கொரியாவின் ‘ஸ்க்விட் கேம்’ தொடரை எடுத்தவரும் இந்த இரண்டையும் படித்தவர்தான். யார் பெரிய மூளைக்காரன் என்று விடிய விடிய விவாதம். நானும் கத்தியிருக்கிறேன். நான் கைஜி கட்சி.

இப்போது என் அறைத் தோழனைப் பற்றிச் சொல்லவேண்டும். பேர் வேண்டாம். நாமக்கல் பக்கம். அவனுடைய அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். முதலாமாண்டில் அவன் செல்போனில் ரம்மி ஆட ஆரம்பித்தான். முதல் வாரமே 2,200 ரூபாய் ஜெயித்தான். ராத்திரி எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக்கொடுத்தான். “மாப்ள, நீதான்டா எங்க கைஜி!” என்று முதுகில் தட்டிப் பேர் வைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

அப்புறம் செமஸ்டர் ஃபீஸ் போயிற்று. அவனுடைய அப்பா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து அந்தப் பணத்தைக் கட்டினார். இனிமேல் தொடமாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான். இருபது நாள் தொடவில்லை. இருபத்தோராவது நாள் ராத்திரி, ‘உங்களுக்காக போனஸ் காத்திருக்கிறது’ என்று போனில் ஒரு செய்தி. அந்த வெளிச்சம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டாம் தடவை போனது 46,000. விட்ட பணத்தைப் பிடிக்க ஆயிரத்தைந்நூறு கேட்டான். கொடுத்தேன். அதுவும் போயிற்று. இப்போது அவன் காலேஜில் இல்லை. அப்பாவோடு பட்டறையில் கிரைண்டிங் மெஷின் பிடிக்கிறான்.

அந்த வருஷம் பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. அன்றைக்கு ‘சூது துகில்’. விடிய விடியப் பார்த்துவிட்டு, காலையில் கோயில் திண்ணையில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். “தருமர் வேஷக்காரன் என்னமா அழுதான்!” “சகுனி சிரிச்சானே, அதுக்கே நூறு ரூவா குடுக்கலாம்.” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது எங்கள் மொட்டை மாடிச் சபையேதான்! ஜப்பான் வரைக்கும் போவானேன்? சேலம் சீமையில் தலைமுறை தலைமுறையாக இதே விவாதம்தானே நடக்கிறது!

அங்கேதான் என் அம்மாயி ஒரு கேள்வி கேட்டது. பள்ளிக்கூடமே போகாத கிழவி.

“ஏஞ்சாமி, மொதத் தடவை தோத்தாரு, சரி. எல்லாத்தையும் திருப்பிக் குடுத்து ஊட்டுக்கு அனுப்பிச்சாங்கல்ல? மறுக்கா கூப்புட்டதுக்கு எதுக்குப் போனாரு?”

எல்லாரும் சும்மா இருந்தார்கள். அம்மாயியே சொன்னது: “அவரு ஆட்டத்தையே பாத்துட்டிருந்தாரு. மண்டபம் கட்டினது யாரு, காய் யாருதுன்னு பாக்கல.”

நண்பர்களே, நான் எழுத வந்ததே இந்த ஒரு வரியைத்தான்.

பாரதத்தை எண்ணிப் பாருங்கள். மண்டபம் கௌரவர்களுடையது. பணயம் வைத்தவன் துரியோதனன், காய் உருட்டியவன் சகுனி. சகுனியிடம் இருந்ததும் திறமைதான்! கைஜியிலும் அப்படியே. அதில் ‘சக்கரவர்த்தி, குடிமகன், அடிமை’ என்று ஒரு சீட்டாட்டம் வரும். ஆளுக்கு ஐந்து சீட்டு. சக்கரவர்த்தி குடிமகனை வெல்வான், குடிமகன் அடிமையை வெல்வான், அடிமை சக்கரவர்த்தியை வெல்வான். சும்மா கண்ணை மூடிப் போட்டால் அடிமைப் பக்கம் ஜெயிக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு. ‘மனசைப் படித்து’ ஜெயிக்கலாம் என்று கைஜி உட்காருகிறான். ஆனால் எதிராளி டோனெகாவா படிப்பது மனசை அல்ல! கைஜியின் காதில் மாட்டிய கருவி அவனுடைய நாடித்துடிப்பை எதிராளியின் கடிகாரத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. என் தோழன் எந்த நேரம் தோற்றான், எத்தனை நாளாக வரவில்லை என்பதெல்லாம் அந்த ரம்மிக் கம்பெனியின் கணக்கில் இருந்தது. அவன் காதில் கருவி மாட்டவில்லை, கையிலேயே இருந்தது.

‘ரம்மி திறமை ஆட்டம்தானே, கோர்ட்டே சொல்லியிருக்கே’ என்று கேட்பீர்கள். உண்மை. 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் முதல் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. 2023ல் இரண்டாவது சட்டம் வந்தபோதும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றின் மேலிருந்த தடையை அதே ஆண்டு நவம்பரில் நீக்கியது. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றுக்கும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. நல்ல காரியம்தான். என் தோழனுக்குத்தான் அது லேட்டாக வந்தது.

ஆனால் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே நம்மை ஏமாற்றும் கேள்வி என்பேன். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். சம திறமையுள்ள இரண்டு பேர், ஆளுக்கு 100 ரூபாய் வைக்கிறார்கள். மொத்தம் 200. ஆட்டம் நடத்துகிறவன் 10 சதவீதம் எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஜெயித்தவனுக்கு 180. நூறு ஆட்டம் ஆடட்டும், ஆளுக்குப் பாதி ஜெயிக்கட்டும். கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் தோற்றிருப்பார்கள்! ஆடாமலே இரண்டாயிரம் ஜெயித்தவன் ஒருத்தன் இருப்பான். அவன்தான் மண்டபம் கட்டினவன்.

ஆகவே கைஜியைப் படிக்காதே என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் படியுங்கள். கூத்தும் பாருங்கள். உயரத்தில் இரும்பு உத்தரத்தின் மேல் ஏழைகள் உயிரைக் கையில் பிடித்து நடக்க, பணக்காரர்கள் பார்த்து ரசிக்கும் கட்டம் கைஜியில் வருகிறது. நாம் அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டு, ‘அடுத்து என்ன பிளான் போடுவான்’ என்று ஓடுகிறோம். அந்தப் பக்கங்களில் கொஞ்சம் நில்லுங்கள். கதையே அங்கேதான் இருக்கிறது. ஜெயிப்பதைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனோடு ஒப்பிட்டாரே வள்ளுவர், அவரும் நின்ற இடம் அதுதான்.

சட்டம் கம்பெனிகளைத் தடுக்கும். வெளிநாட்டுச் சைட்டு, வேறு பெயர், வேறு ஆட்டம் என்று மண்டபம் எங்காவது முளைத்துக்கொண்டேதான் இருக்கும். பக்கத்துக் கட்டிலில் ராத்திரி ரெண்டு மணிக்கு வெளிச்சம் தெரிந்தால், எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பரோட்டாவுக்காகக் கை தட்டாதீர்கள். ஆயிரத்தைந்நூறு கேட்டால் கொடுக்காதீர்கள். அவனுடைய அப்பாவுக்கு போன் போடுங்கள். கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.

போன மாதம் பட்டறைக்குப் போய் அவனைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். “என்ன மாப்ள, கைஜி முடிஞ்சுதா?” என்று கேட்டான்.

“கைஜின்னு உனக்குப் பேர் வெச்சது தப்புடா” என்றேன்.

“விடுடா. டீ சாப்பிடலாம் வா” என்றான். டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

— இறுதியாண்டு, இயந்திரவியல் துறை