பூச்சியும் புழுவும்

முதுகெலும்பற்ற பிராணிகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர்க்கு அயல்மொழிக் கலைச்சொற்களைக் காட்டிலும் மிகுந்த தொல்லை தருபவை, நாம் நாள்தோறும் வழங்கும் பூச்சி, புழு என்னும் இரு சொற்களே. மண்புழு, நூற்புழு, நாடாப்புழு, கம்பளிப்புழு ஆகிய நான்கும் பேச்சு வழக்கில் ஒரே குலம். வகைப்பாட்டிலோ அவை நான்கு வெவ்வேறு தொகுதிகளைச் சேர்ந்தவை. கம்பளிப்புழு என்பது அந்துப்பூச்சியின் இளம் பருவமேயன்றிப் புழுவன்று.

இதற்காகப் பொதுமக்களைக் குறை கூறுவது பொருந்தாது. லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில், தம் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில், முதுகெலும்பற்ற பிராணிகளைப் பூச்சிகள், புழுக்கள் என்னும் இரண்டே வகுப்புகளில் அடக்கினார். நண்டும் தேளும் பூச்சிகளாயின. நத்தையும் நட்சத்திர மீனுங்கூடப் புழுக்களாயின! லாமார்க்கின் 1801-ஆம் ஆண்டு நூலில் நண்டு இனமும் சிலந்தி இனமும் பூச்சிகளினின்று பிரிந்து தனி வகுப்புகளாக நின்றன.

அறிஞர் பிரித்தவற்றை நாம் வயலில் மீண்டும் ஒன்றாக்கிவிடுகிறோம். அஸ்ஸாம் தேயிலையைத் தாக்கும் செஞ்சிலந்தியை ஊழியர் ஒருவர் ‘பூச்சி’ என்று சொல்லிவிட்டால், தோட்டக்காரர் பூச்சிக்கொல்லியைத் தேடிச் செல்வது இயல்பு. எட்டுக் கால்களுடைய அப்பிராணியைப் பல பூச்சிக்கொல்லிகள் கொல்வதில்லை. அதனைத் தின்னும் பொறிவண்டுகளை அழித்து, அது மேலும் பெருகவே வழி செய்கின்றன. அதனை ஒடுக்கவல்லது கந்தகம். ஒரு சொல் தவறியதால் மருந்தும் கூலியும் வீணாகி, நோயும் வளர்கின்றது.

‘புழு’ என்னும் சொல் இழைக்கும் தீங்கு இதனினும் பெரிது. தக்காளிச் செடி வாடுகையில் இலையில் புழுவைத் தேடிப் பயனில்லை. வேர்முடிச்சு நூற்புழு வேரினுள் வாழ்வது. வெறுங்கண்ணுக்குப் புலப்படுவது அரிது. செடியைப் பிடுங்கி, வேரில் முடிச்சுகள் உளவா என்று பார்த்தல் வேண்டும்.

இவ்விரு சொற்களையும் நீக்கிவிட்டுப் புதுச் சொற்களைப் படைக்க வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. பூச்சி என்பதை ஆறு கால்களுடையவற்றிற்கே உரியதாக்கலாம். புழு என்பதை அடைமொழியின்றி எழுதாதிருக்கலாம். ஆசிரியர்கள் மாணவர்களைக் கால்களை எண்ணச் சொல்வது நல்ல தொடக்கமே. ஆயினும் அவ்விதியும் முழுமையானதன்று. 1998-இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், இந்தியாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்ட தென்னை ஈரியோபைட் சிலந்திக்கு நான்கே கால்கள்! அதனைக் காண உருப்பெருக்கி வேண்டும். ஆகவே கள ஊழியர்கள் ஆய்வுக்கு மாதிரி அனுப்புகையில், பிராணியின் பெயரை ஊகித்து எழுதுவதோடு நில்லாமல், தாக்கப்பட்ட காயையோ வேரையோ உடன் அனுப்புதல் நன்று.