குளிசையின் கூடு



யாழ்ப்பாணம் அரியாலையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வைத்தியர் கொடுத்த கூட்டுக் குளிசையை அவருடைய மாமி பத்து நாளாகத் தொடவில்லையாம். “கூடு பன்றியில் செய்தது” என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். கூட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் மருந்தை மட்டும் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

மாமியின் பேணுதலை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் பேணுதலுக்கு அறிவும் துணையாக வேண்டும்.

ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டியாகிறதல்லவா? அப்படிக் கட்டியாக வைக்கும் பொருள்தான் ஜெலட்டின். பிராணிகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கிறார்கள். பன்றித் தோலைப் பெரும்பாலும் அமிலத்தில் ஊறவைத்து எடுப்பார்கள். மாட்டெலும்பைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். அதைக் கரைத்து மெல்லிய ஏடாகக் காயவைத்தால் கண்ணாடி போன்ற தோல் கிடைக்கும். குளிசையின் கூடும் அதுதான், சில தின்பண்டங்களின் மேற்பூச்சும் அதுதான்.

தனி ஜெலட்டின் ஏடு நன்றாகக் காய்ந்தால் நொறுங்கும். மீனெண்ணெய்க் குளிசையின் கூடு மெத்தென்று இருப்பது கிளிசரின் சேர்ப்பதால். ஈரக்காற்றை ஜெலட்டின் உறிஞ்சிக்கொள்ளும். மாரி காலத்தில் குளிசைகள் ஒன்றோடொன்று ஒட்டுவது இதனால்தான். உணவைச் சுற்றும் ஏடுகளில் எண்ணெய் கலந்தால் ஈரம் ஊடுருவுவது குறையும். அளவு மிஞ்சினால் ஏடு வலுவிழக்கும். புளிப்பு அதிகமானாலும் அதன் பிடிமானம் தளரும்.

ஆக, எண்ணெயும் புளிப்பும் கூட்டின் குணத்தை மாற்றும். அது எந்தப் பிராணியிலிருந்து வந்தது என்பதை மாற்றுமா?

இங்கேதான் உலமாக்களிடையே பேச்சு எழுந்தது. ஒரு பொருள் முற்றாக வேறொன்றாக மாறுவதை ‘இஸ்திஹாலா’ என்பார்கள். 1995இல் குவைத்தில் கூடிய மருத்துவ - மார்க்கக் கருத்தரங்கு, ஜெலட்டின் அப்படி மாறிவிட்டது, எனவே கூடும் என்றது. அதற்கு முன்பே, 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, பன்றி ஜெலட்டினை உணவில் சேர்க்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இஸ்திஹாலாவின் வாசல் மிகக் குறுகியது. மது தானாகவே காடியானால் சுத்தமாகும். பன்றியின் தோல் பதனிட்டாலும் சுத்தமாகாது. ஆகவே இனிப்புக்கும் ஜெலிக்கும் தாராளம் காட்ட இடமில்லை. முறைப்படி அறுத்த மாட்டின் ஜெலட்டினும் மீன் ஜெலட்டினும் ஹலால்.

மருந்தின் நிலை வேறு. எல்லாக் கூடும் பன்றியல்ல; மாட்டு ஜெலட்டினும் உண்டு, தாவர நாரில் செய்த கூடும் உண்டு. எனவே முதலில் வைத்தியரிடமும் பாமசியிலும் கேளுங்கள். அதே மருந்து வில்லையாகவோ பாணியாகவோ கிடைக்கலாம். கிளிசரினும் மிருகக் கொழுப்பிலிருந்து வரலாம். அதையும் சேர்த்துக் கேளுங்கள். மாற்று எதுவும் இல்லை, இந்த மருந்து அவசியம் என்று நம்பிக்கையான வைத்தியர் சொன்னால் மாமி தயங்காமல் விழுங்கட்டும். நிர்ப்பந்தத்துக்கு மார்க்கம் இடம் தந்திருக்கிறது. கேட்டு முடியும்வரை மருந்தை நிறுத்தவும் வேண்டாம். ஒருவர் வாய்ப்பேச்சால் கூடு பன்றியென்று உறுதியாகிவிடாது.

கூட்டை நீங்களாகப் பிரிக்காதீர்கள். சில மருந்துகள் இரைப்பைப் புளிப்பில் கெடாமல் குடலுக்குப் போய்ச் சேரும்படி செய்யப்பட்டவை. சில, சிறிது சிறிதாக வெளிவரும்படி செய்யப்பட்டவை. பிரித்தால் மருந்து வீணாகலாம், அளவு மிஞ்சி ஆபத்தும் ஆகலாம். பிரிக்கலாம் என்று வைத்தியர் சொன்னால் மட்டும் பிரியுங்கள்.

பிள்ளைகளின் ஜெலி ஆசைக்கு நம்மிடம் கடற்பாசி இருக்கிறதே! ‘இலங்கைப் பாசி’ என்று வெள்ளைக்காரரின் பழைய மருந்து நூல்களிலேயே பெயர் பெற்றது நம் கடலோரப் பாசி. பச்சை அன்னாசி சேர்த்தால் ஜெலட்டின் உறையாது, கடற்பாசி உறையும். தேசிக்காய்ப் புளியை மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய பின் விடுங்கள். சேர்த்துக் கொதிக்க வைத்தால் கட்டி தளரும். நோன்பு திறக்க வைக்கும் கோப்பையில் சந்தேகத்துக்கே இடமிருக்காது.

மாமிக்கு அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.