குட்டைக்குப் போகாத விஞ்ஞானம்

பயிற்சி பெறும் இளம் ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் கொசுவின் வாழ்க்கையை எழுதுகிறார்: முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு. படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவருக்கு அப்பால் தேங்கிய தண்ணீரில் அதே புழுக்கள் நெளிகின்றன. அங்கே அவரை யாரும் அழைத்துப் போகவில்லை.

போயிருந்தால், சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கி, வால்பக்கக் குழாயால் மூச்சு விடுவதைக் கண்டிருப்பார். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸின் புழுவோ நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். இதைப் பார்க்க ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். ஆய்வுக்கூடம் இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

பயிற்சி மாணவர்களுக்கு விஞ்ஞானத்தில் அக்கறை இல்லை என்று சிலர் குறை கூறுகிறார்கள். இந்த அபிப்பிராயத்தை நாம் ஏற்கவில்லை. பத்தாம் வகுப்போடு விஞ்ஞானத்தை விட்டு வந்தவர்கள் இவர்களில் உண்டு. மனப்பாடம், பரீட்சை, பிறருடைய ரிக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது. விஞ்ஞானம் என்று அவர்கள் கண்டது இதைத்தான். கண்ணால் காணாததைக் கற்பிக்கச் சொன்னால் பயம் வராமல் என்ன செய்யும்? கேள்வி கேட்ட பிள்ளையை "உட்கார்" என்று அதட்டுவதும் அந்தப் பயம்தான்.

மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் ஜில்லாவின் 16 பள்ளிகளில் 1972ல் ஒரு முயற்சி தொடங்கியது. 6 முதல் 8ம் வகுப்பு வரை பிள்ளைகள் தாங்களே சோதனை செய்தும், வயல்வெளிக்குப் போய்ப் பார்த்தும் கற்றார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம்! 1978ல் அது ஜில்லா முழுவதும் பரவியது. நமக்கு முக்கியமாகப் படுவது வேறு விஷயம். அந்தச் சோதனைகளை முதலில் ஆசிரியர்களே, பிள்ளைகளைப் போல் உட்கார்ந்து, பயிற்சி முகாம்களில் செய்து பார்த்தார்கள். சாதாரணக் கிராமத்து ஆசிரியர்கள்தான் அவர்கள். முப்பதாண்டு நடந்த இத்திட்டத்தை 2002ல் மாநில சர்க்கார் நிறுத்தியது. பெரும் தவறு அது.

விஞ்ஞான மனோபாவத்தை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976ம் ஆண்டுத் திருத்தம் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தது. கடமை குடிமகனுக்கு, சரி. பஸ் கட்டணம் யாருக்கு?

ஆசிரியப் பயிற்சியின் இரண்டு ஆண்டுகளிலும் வாரத்தில் அரை நாளை வகுப்புக்கு வெளியே, குட்டைக்கும் வயலுக்கும் பட்டறைக்கும் ஒதுக்க வேண்டும். செலவை மாணவர் தலையில் கட்டாமல் சர்க்கார் ஏற்க வேண்டும். அங்கே பார்த்து எழுதும் குறிப்புக்கு மதிப்பெண்ணும் வேண்டும். இல்லாவிட்டால் பரீட்சை நெருங்கியதும் முதலில் ரத்தாவது இந்த அரை நாளாகத்தான் இருக்கும்.