அடிக்காமல் விட்ட பந்துக்கும் கணக்கு வேண்டும்

தசரா விடுமுறை முடிந்ததும் என் பேத்தியின் பள்ளியில் சாஃப்ட்பால் அணிக்கு ஆள் தேர்வு நடந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கபடி, கோகோ போல மகாராஷ்டிரப் பள்ளிகளில் சாஃப்ட்பால் நன்றாக வேரூன்றிய ஆட்டம் என்பது இங்கே நாக்பூரில் குடும்பம் நடத்தும் நமக்குத் தெரியும். பேத்தி சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டாள். "நாலு தடவை மட்டை பிடித்தேன் தாத்தா. மூணு தடவை வாக், ஒரு தடவை அவுட். என்னை எடுக்கலே" என்றாள்.

மறுநாள் போய் ஆசிரியரைப் பார்த்தேன். நல்ல மனிதர், வெயிலில் நின்று பிள்ளைகளுக்காகப் பாடுபடுகிறவர். பதிவேட்டைக் காட்டினார். என் பேத்தியின் பெயருக்கு நேரே 'ஹிட்: 0' என்று இருந்தது. தேர்வான ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே 'ஹிட்: 1'. அந்தப் பெண்ணும் நாலு தடவை ஆடியிருக்கிறாள். மூன்று தடவை அவுட். "உங்கள் பேத்தி மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள் சார், அடிக்கத் தைரியம் வேண்டும்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த தாளின் மேல்தான் கோபம். அந்தத் தாளின் வழக்குக்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வயதாகிறது. சாஃப்ட்பாலுக்குத் தாயான பேஸ்பால் ஆட்டத்தில் தொடங்கிய வழக்கு அது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆட்டம் தெரியாத அன்பர்களுக்கு இரண்டு வரி. பந்து எறிபவர் பிட்சர். எறிந்த பந்து, தரையில் பதித்த 17 அங்குல அகலத் தட்டின் மேலாக, மட்டைக்காரரின் முழங்காலுக்குக் கீழிருந்து மார்பளவு வரையுள்ள ஒரு கற்பனைச் சட்டத்துக்குள் வந்தால் அது ஸ்ட்ரைக். சட்டத்துக்கு வெளியே போய், மட்டைக்காரரும் மட்டையை வீசாமல் விட்டால் அதற்கு 'பால்' என்று பெயர். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். நாலு பால் ஆனால் மட்டைக்காரர் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். அதுதான் வாக். (இதை வீட்டில் விளக்கியபோது என் மனைவி, "நாலு பாலா? பால்காரன் கணக்கா?" என்று கேட்டாள்.)

நாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். ஆகவே ஒரு வித்தியாசத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பேஸ்பாலில் ஓவர் கணக்கு கிடையாது. 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட், ஆக 27 அவுட். ஓர் அணியின் மொத்தக் கையிருப்பு அவ்வளவுதான். அவுட் ஆகாதவரை எத்தனை பந்து வேண்டுமானாலும் ஆடலாம். 1975 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் 334 ரன்னைத் துரத்தும்போது கவாஸ்கர் 174 பந்தில் 36 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். அங்கே 60 ஓவர் என்று வரம்பு இருந்ததால் அந்தப் பொறுமை அணிக்கு நஷ்டம். பேஸ்பாலில் அந்த வரம்பு இல்லை. செலவாகக் கூடாத பொருள் பந்து அல்ல, அவுட். அவுட் எதையும் செலவழிக்காமல் ஓர் ஆளை பேஸில் ஏற்றுவது வாக்.

இதைக் கோழைத்தனம் என்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். பிட்சர் நிற்கும் இடம் 60 அடி 6 அங்குலம் தூரம். அவர் கை நீட்டி விடும்போது சுமார் 55 அடி. மணிக்கு 95 மைல் வேகத்துப் பந்து விநாடிக்கு 139 அடி போகும். ஆக 0.4 விநாடியில் வந்து சேரும். மட்டையை வீசவே 0.15 விநாடி வேண்டும். மிச்சம் கால் விநாடி. அதற்குள் பந்து நேரா, வளைகிறதா, உள்ளேயா, வெளியேயா என்று கண்டு, 'வேண்டாம்' என்று கையைக் கட்டிப்போட வேண்டும். வீசுவதைவிட வீசாமல் இருப்பதுதான் கடினமான வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு கணக்கு. 17 அங்குல அகலம், சுமாராக 24 அங்குல உயரம் என்று வைத்தால் சட்டத்தின் பரப்பு 408 சதுர அங்குலம். "சும்மா இரண்டு அங்குலம் வெளியே போகிற பந்துதானே, அடித்துவிடலாம்" என்று ஆசைப்பட்டால், நாலு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் கூடி 21-க்கு 28 ஆகிறது. பரப்பு 588. அதாவது பிட்சருக்கு 44 சதவீதம் கூடுதல் இடத்தை நாமே எழுதிக் கொடுக்கிறோம். பாலிடெக்னிக்கில் படித்த எவரும் போடக்கூடிய கணக்கு இது.

இந்த மாதிரிக் கணக்கைத் தன் பிழைப்பாகவே வைத்துக்கொண்டவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ். தட்டின் மேலுள்ள சட்டத்தை 77 பந்துகளாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் தன் சராசரி எவ்வளவு என்று புத்தகத்தில் படம் போட்டே காட்டினார். நடுவில் வரும் பந்துக்கு 0.400, கீழே வெளி மூலையில் வருவதற்கு 0.230. 1941-இல் அவர் 606 தடவை மட்டை பிடிக்க வந்து 335 தடவை பேஸில் ஏறினார். அவற்றில் 147 வாக். பேட்டிங் சராசரி 0.406. அதன்பின் இன்றுவரை அவர் ஆடிய லீக்கில் எவரும் ஒரு பருவத்தில் 0.400-ஐத் தொடவில்லை. ஆனால் அந்த ஆண்டின் சிறந்த வீரர் பரிசு, தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்த ஜோ டிமாஜியோவுக்குப் போயிற்று. 56 என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த எண். 335 யார் கண்ணிலும் படவில்லை. போதாக்குறைக்கு, 'ஓர் அங்குலம் வெளியே போனால்கூட அடிக்க மாட்டேன் என்கிறாரே, அணியைவிடத் தன் சராசரி பெரிதா?' என்று குறைகூறியவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், வாக்கினால் பேட்டிங் சராசரி ஒரு புள்ளிகூட ஏறாது.

ஏன் ஏறாது? இங்கேதான் கிரிக்கெட் வருகிறது. பேஸ்பாலுக்குக் கணக்கேடு வகுத்துத் தந்த ஹென்றி சாட்விக் 1824-இல் இங்கிலாந்தின் எக்சிட்டரில் பிறந்தவர். அமெரிக்கா போய்ப் பத்திரிகையாளராகி முதலில் கிரிக்கெட் எழுதியவர். கிரிக்கெட்டில் வைடு எறிந்தால் அது பந்து வீசுபவரின் தவறு. ரன் 'எக்ஸ்ட்ரா' கணக்கில் போகும், பேட்ஸ்மேனுக்குப் பங்கில்லை. அந்தக் கண்ணோடு பார்த்தவருக்கு வாக்கும் பிட்சரின் தவறாகவே பட்டது. 1887-இல் ஒரே ஓர் ஆண்டு வாக்கையும் ஹிட்டாகச் சேர்த்து எழுதிப் பார்த்தார்கள். செயின்ட் லூயிஸ் வீரர் ஒருவரின் சராசரி 0.500-ஐ நெருங்கியது. இது என்ன கூத்து என்று மறு ஆண்டே நீக்கிவிட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனால் ஒன்றல்ல என்பதற்காக ஒன்றுமே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

திருத்தம் வர வெகுகாலம் ஆயிற்று. ஜாக்கி ராபின்சனை வெள்ளையர் மட்டுமே ஆடிய பெரிய லீக்குக்கு 1947-இல் கொண்டுவந்த பிராஞ்ச் ரிக்கி, அதே ஆண்டு ஆலன் ராத் என்ற கணக்குப்பிள்ளையையும் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். ராத்தின் கணக்குகளை வைத்து 1954-இல் 'லைஃப்' பத்திரிகையில் ரிக்கி எழுதினார்: பேட்டிங் சராசரியைவிட, எத்தனை தடவை பேஸில் ஏறினான் என்ற விகிதம்தான் முக்கியம் என்று. அந்த விகிதம், அதாவது ஆன்பேஸ் சதவீதம், லீக்கின் அதிகாரபூர்வக் கணக்காக ஏற்கப்பட்ட ஆண்டு 1984. சரியாக முப்பது வருடம்! கோப்பு நகரும் வேகத்தில் நம் ரயில்வே போர்டு ஒன்றும் தனியல்ல என்று ஒரு திருப்தி.

பின்னர் நடந்தது பலருக்கும் சினிமா மூலம் தெரியும். பிராட் பிட் நடித்து 2011-இல் 'மணிபால்' வந்தது. அப்போது ஓக்லந்தில் இருந்த அத்லெடிக்ஸ் அணியின் மேலாளர் பில்லி பீன், ஆட்டக்காரராக இருந்த காலத்தில் 315 முறை மட்டை பிடித்து வெறும் 11 வாக் வாங்கியவர். எல்லாப் பந்தையும் துரத்தித் தோற்றவர். அந்தச் சூடு பட்ட மனிதர், மற்றவர் மதிக்காத பொறுமைசாலிகளை மலிவாக வாங்கினார். முழங்கை நரம்பு கெட்டு கேட்சர் வேலைக்கு ஆகாமல் போன ஸ்காட் ஹாட்டெபெர்க் அவர்களில் ஒருவர். 2002-இல் சுமார் 4 கோடி டாலர் சம்பளப் பட்டியலோடு ஓக்லந்து 103 ஆட்டம் வென்றது. அதைப்போல மூன்று மடங்கு செலவழித்த நியூயார்க் யாங்கீஸும் அதே 103. அந்த அணியில் முதல்தரமான பிட்சர்கள் மூவர் இருந்ததையும், மிகேல் தெஹாடா அந்த ஆண்டு சிறந்த வீரர் பரிசு வாங்கியதையும் படம் அவ்வளவாகச் சொல்லவில்லை. வாக் மட்டுமே ஜெயித்துக் கொடுத்தது என்று நானும் சொல்லமாட்டேன்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது பேஸில் ஆள் நிற்கும்போது ஒரு ஹிட் அவரை வீட்டுக்குக் கொண்டுவரும். வாக் அவரை நகர்த்தாது. கணக்கர்கள் மதிப்பில் வாக் சுமார் மூன்றில் ஒரு ரன், ஒற்றை ஹிட் ஏறக்குறைய அரை ரன். ஜப்பானின் இச்சிரோ 2004-இல் 262 ஹிட் அடித்துச் சாதனை படைத்த ஆண்டில் வாங்கிய வாக் 49தான். விளாடிமிர் கெரெரோ கண்ட பந்தையெல்லாம் அடித்தே 2018-இல் பெருமக்கள் மண்டபத்தில் இடம் பெற்றார். அத்தகைய கையும் கண்ணும் இருப்பவர்கள் அடிக்கட்டும். நடுச்சட்டத்தில் வரும் நல்ல பந்தையும் பார்த்துக்கொண்டு நின்று மூன்றாவது ஸ்ட்ரைக் வாங்குகிறவர்களை நான் ஆதரிக்கவில்லை. வில்லியம்ஸ் பொறுமையாக நின்றது நல்ல பந்து கிடைக்கும்வரைதான். கிடைத்தபோது அடித்த ஹோம் ரன் 521.

நமக்குப் பழகிய உதாரணம் 2004 ஜனவரி, சிட்னி. கவர் டிரைவ் ஆடப்போய் ஆட்டமிழந்துகொண்டிருந்த சச்சின், அந்த ஷாட்டையே மூட்டை கட்டி வைத்துவிட்டு 241 எடுத்து நின்றார். அன்று அவர் விட்ட பந்துகளை யாரும் கோழைத்தனம் என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்கோர் புத்தகத்தில் அவற்றுக்கு ஒரு புள்ளிதான் அடையாளம்.

டொமினிகன் குடியரசில் ஒரு பேச்சு உண்டு: வாக் வாங்கி யாரும் தீவைவிட்டு வெளியேறியதில்லை என்று. ஏழைப் பையன்கள். அமெரிக்க அணிகளின் ஆள்பிடிப்பவர் எதிரில் ஒரு நாள் ஆடிக் காட்ட வேண்டும். பொறுமையாக நின்றால் யார் கவனிப்பார்கள்? அதனால் எல்லாவற்றையும் விளாசுவார்கள். ஊர்விட்டு ஊர் வந்து வேலை தேடிய நமக்கு அந்தப் பையன்களின் அவசரம் புரியாததல்ல; முதல் இன்டர்வியூவில் தெரியாத கேள்விக்கும் பதில் சொன்னவர்கள்தானே நாம். ஆனால் அதே தீவின் சாண்டோ டொமிங்கோவில் பிறந்த ஹுவான் சோட்டோ, 19 வயதில் பெரிய லீக்குக்கு வந்ததிலிருந்தே பந்தை விடுவதில் பேர்போனவர். விட்ட பந்தைப் பார்த்து மண்ணில் காலைத் தேய்த்துப் பிட்சரைச் சீண்டுவார். அது எனக்குப் பிடிக்காத பழக்கம். 2021-இல் 145 வாக், 2024-இல் 129. அந்த டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அவருக்கு 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அதற்கு முன் எந்த பேஸ்பால்காரருக்கும் அவ்வளவு எழுதியதில்லை. கணக்குத் தாள் மாறியதால் தீவின் பேச்சும் மாற வேண்டியதாயிற்று.

ஆசிரியரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஒரு தாளில் கோடு போட்டு, 'ஹிட்', 'வாக்', 'அவுட்', 'பேஸில் ஏறிய தடவை' என்று நாலு பத்தி வரைந்து கொடுத்தேன். அன்றைய தேர்வின் எண்களை அவரே அதில் எழுதிப் பார்த்தார். என் பேத்திக்கு நாலுக்கு மூன்று, மற்றப் பெண்ணுக்கு நாலுக்கு ஒன்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பட்டியல் அனுப்பியாகிவிட்டது சார், அடுத்த வருஷம் இந்தத் தாளிலேயே எழுதுகிறேன்" என்றார். அடுத்த வருஷம் என்பது பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு தூரம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேத்தி மட்டும் இப்போதும் தினம் சாயங்காலம் காலனி மைதானத்தில் நின்று, தம்பி எறியும் பந்துகளில் பாதியை விட்டுக்கொண்டிருக்கிறாள். சாஃப்ட்பால் ஆடும் பிள்ளைகள் நம் சங்கக் குடும்பங்களில் வேறு யாராவது இருந்தால், அந்தத் தாளை நான் நகல் எடுத்துத் தருகிறேன். பள்ளியில் கொடுத்துப் பாருங்கள்.