பாட்டிலில் ஒரு தமிழ்ச் சொல்

காரைக்கால் பக்கத்து வயல்களில் பூச்சி மருந்து அடிக்கும் காலத்தில் வரப்போரம் காலி பாட்டில்கள் கிடக்கும். மழையிலும் சேற்றிலும் ஊறி லேபிள் பாதி உரிந்திருக்கும். பாட்டிலின் உடம்பிலேயே புடைத்து நிற்கும் எழுத்து மட்டும் போகாது. அதில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

சட்டம் தமிழை அடியோடு மறந்துவிடவில்லை. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், லேபிளில் ஆங்கிலம், இந்தியோடு விற்கும் பகுதியின் மொழியும் வேண்டும் என்கின்றன. ஆனால் லேபிள் உரிந்த பிறகு? மற்ற பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளோ, இந்தி அல்லது ஆங்கிலம் போதும், வேறு மொழி கூடுதலாக இருந்தால் தடையில்லை என்று நின்றுவிடுகின்றன. 'கூடுதலாக' என்றால் கம்பெனிக் கணக்கில் என்ன அர்த்தம் என்று பி.காம். படிக்கும் எவருக்கும் தெரியும். செலவு!

உண்மையில் அந்தச் செலவு எவ்வளவு? பாட்டில் முதலில் பிறப்பது கணினியில், கேட் மென்பொருளில் வரையும் முப்பரிமாண மாதிரியாக. அந்த மாதிரியைப் பார்த்துத்தான் உலோக அச்சு வெட்டுகிறார்கள். எழுத்தை அச்சில் இடவலம் மாற்றிக் குழிவாக வெட்டினால் பாட்டிலில் அது நேராகப் புடைத்து வரும். மாதிரியிலேயே எழுதிவிட்டால் ஒருமுறைச் செலவு. லட்சக்கணக்கான பாட்டில்களுக்குப் பங்கு போட்டால் ஒன்றுமேயில்லை. அச்சு வெட்டியபின் நினைவு வந்தால்தான் செலவு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 1982-இல் வந்த ஆட்டோகேட் தனக்கென வைத்திருந்த கோட்டு எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. டி.டி.பி. கடைகளில் புழங்கிய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறக்கும்போது ஆங்கிலக் குப்பைதான் தெரியும். யூனிகோடு வந்து அது தீர்ந்தது. ஆனால் 'கொ' என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டுமென்று மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதது துண்டு துண்டாக அடுக்கி வைக்கும். இலவச மென்பொருளான ஓப்பன்ஸ்கேட் 2015 பதிப்பிலிருந்து இதைக் கவனித்துக்கொள்கிறது. மற்றவற்றில் தகராறு என்றால், இங்க்ஸ்கேப்பில் தமிழை அடித்து, எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றி உள்ளே கொண்டுவரலாம். பத்து நிமிட வேலை.

அடுத்தது புள்ளி. 2011 விதிகளில் எழுத்தின் குறைந்தபட்ச உயரம் அச்சிட்டால் 1 மி.மீ., பாட்டிலோடு வார்த்தால் 2 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர் தமிழ் எழுத்தில் புள்ளி எவ்வளவு இருக்கும்? பிளாஸ்டிக் அந்தக் குழியில் சரியாக இறங்காவிட்டால் 'விஷம்' என்பது 'விஷம' ஆகிவிடும். எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும் என்கிற அதே விதி, 1 என்ற எண்ணுக்கும் ஐ, எல் என்ற ஆங்கில எழுத்துகளுக்கும் விலக்கு தருகிறது. புள்ளியைப் பற்றிப் பேச்சே இல்லை (எழுதியவர்கள் மனதில் எந்த எழுத்து இருந்தது என்று இதிலேயே தெரிகிறது). தமிழுக்கு 5 மி.மீ. உயரமாவது வைத்து, புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கித்தான் வரைய வேண்டும்.

எல்லா மொழியிலும் எப்படி வார்ப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புதுச்சேரி என்ற சின்ன ஒன்றியப் பிரதேசத்துக்குள்ளேயே காரைக்காலுக்குத் தமிழ், மாஹேக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு. ஆனால் தேதியை மாற்ற அச்சில் கழற்றி மாட்டும் சிறு துண்டு வைக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. மொழிக்கும் அப்படி ஒரு துண்டு வைத்தால் போயிற்று. முழு லேபிளையும் வார்க்கச் சொல்லவில்லை. பூச்சி மருந்து பாட்டிலின் கழுத்தருகே 'விஷம்' என்ற ஒரு சொல் போதும்.

காரைக்காலில் 2010-இல் தொடங்கிய தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே கேட் பயிலும் மாணவர்கள் செய்முறைக்கு ஒரு பாட்டிலை வரைந்து, அந்தச் சொல்லை அதில் புடைக்க வைத்து, முப்பரிமாண அச்சில் எடுத்துப் பக்கத்து ஊர் விவசாயி ஒருவரிடம் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லலாம். புள்ளி விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று அவர் சொல்லிவிடுவார்.