ஆசனம் யாருக்கு?

உலக வணிகத்துக்கு ஒரே விதிதான் இருக்கவேண்டும். சில நாடுகள் தனித்துக் கூடி உடன்படிக்கை செய்துகொள்வது அவ்விதியைக் குலைத்துவிடும் என்று பொருளியல் மேதைகள் சிலர் போதித்து வருகின்றனர். 2024இல் அபுதாபியில் கூடிய உலக வணிக அமைப்பின் மாநாட்டில், 120க்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்த முதலீட்டு உடன்படிக்கையை இந்தியா எதிர்த்தபோதும் இவ்வழக்கு மீண்டும் எழுந்தது. ருவான்வெல்லையில் எங்கள் பாடசாலையைச் சூழ்ந்து நிற்கும் இறப்பர் மரங்களின் வரலாற்றையும் இம்மேதைகள் சற்றுக் கற்கலாம்.

இறப்பர் விலை வீழ்ந்துகிடந்த 1934இல் பிரிட்டன், ஒல்லாந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் ஆகியவை கூடி, இன்ன நாடு இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு பிரித்தன. புதிய நடுகையைக் கட்டுப்படுத்தின. இலங்கையின் பேரில் ஒப்பமிட்டது பிரிட்டனே. ஏகாதிபத்தியம் செய்தபடியால் அதற்கு 'ஒழுங்குபடுத்தல்' என்று பெயர்!

1951 மே மாதத்தில், கொரியப் போரைக் காரணங்காட்டி, போருக்கு உதவும் பொருள்களைச் சீனத்துக்கு விற்கவேண்டாமென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பரிந்துரைத்தது. அச்சபையில் இலங்கைக்கு ஆசனமே இல்லை; அது கிடைத்தது 1955இல். தனக்கு இடமளிக்காத சபையின் சொல்லுக்காக ஒரு நாடு பட்டினி கிடக்கவேண்டுமா? அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. இறப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது. வணிக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கவின் முயற்சியால் 1952 டிசம்பர் 18ஆம் திகதி பீக்கிங்கில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் செல்லும். 270,000 தொன் அரிசி வரும். சந்தை விலைக்கு மேலாகவே சீனம் கொடுத்தது. சினங்கொண்ட அமெரிக்கா தன் உதவியை மறுத்தது. இத்தனைக்கும் ஆட்சியிலிருந்தது ஐக்கிய தேசியக் கட்சி! வயிற்றுப் பிரச்சினை வந்தபோது அதற்கும் சீனம் கசக்கவில்லை.

இவ்வொப்பந்தத்தை நான் போற்றுகிறேன். ஆயினும் அதைப் போற்றுவோர் பலர் சொல்லாது விடும் செய்தியொன்றுண்டு. விடியற்காலையில் மரத்தைக் கீறிச் சிரட்டையில் பால் சேர்த்த தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் 1948இல் குடியுரிமையையும் 1949இல் வாக்குரிமையையும் இழந்திருந்தனர். 1952 மே மாதத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. அவர்கள் வெட்டிய பாலே நாட்டின் சோற்றுக்கு விலையாயிற்று. அவ்விலையைப் பேசிய அரசைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு உரிமையில்லை. பீக்கிங்கில் இலங்கைக்குக் கிடைத்த ஆசனம் இலங்கைக்குள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1934இல் ஐவர், 1952இல் இருவர், அபுதாபியில் நூற்றிருபது பேர் எனத் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பது வீண் கணக்கு. யார் அமர்ந்தார்கள், யார் வாசலில் நின்றார்கள் என்று மாணவர்கள் கேட்கட்டும். 1952ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் தொன் கணக்கு உண்டு, விலை உண்டு. பால் வெட்டுகிறவளின் நாட்கூலி? அது வணிகத்துக்குப் புறம்பான பேச்சு என்பார்கள்.